எந்தக் கையானாலும்

எனக்கு பூல் விளையாடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பவர் பிரஸ் ஆபரேட்டர். 2011இல் பொறியியல் படிப்பை முடித்த சூட்டோடு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். அவர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. திண்டிவனம் பக்கத்துக்காரர், ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஷாப் ஃப்ளோரில் என்னை 'சார்' என்பார். பூல் மேசைக்கு வந்துவிட்டால் 'தம்பி'. நான் இரண்டு இடத்திலும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மொபைல் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த பார்லர். இரண்டு மேசைகள். ஒன்றின் பச்சைத் துணியில் பிளாஸ்திரி போட்ட மாதிரி ஒரு ஒட்டு. அந்த வட்டாரத்தின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. 2006இல் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். ஒரு பெரிய ஆலை வந்தால், அதற்குத் தகடு வெட்டிக்கொடுக்கவும் பிளாஸ்டிக் வார்த்துக்கொடுக்கவும் சுற்றிலும் சின்ன ஆலைகள் வரும். அவற்றில் வேலைக்கு வந்த பையன்கள் ஒரே அறையில் எட்டு பேர், பத்து பேர் என்று தங்கினார்கள். முதல் ஷிப்ட் முடிந்தால் ராத்திரி வரை போக இடம் கிடையாது. டீக்கடை, செல்போன், அதற்கு அடுத்தது அந்த பார்லர்.

அண்ணன் அங்கே ராஜா. 2012இல் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை பிரஸ் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இடது கையால் ஆடக் கற்றார். ஒன்றரை வருடத்தில் மறுபடியும் அதே மேசையில் ஜெயிக்கிற ஆளாக ஆனார். நான் அந்த வேலையை விட்டு மென்பொருளுக்கு வந்து பல வருடமாகிவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை. ஒரு ஆள் கையை மாற்றிக்கொள்கிறார் என்றால், உண்மையில் எது மாறுகிறது?

*

பச்சைத் துணி போட்ட மேசைக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. பூலின் சகோதர ஆட்டமான ஸ்னூக்கர் பிறந்தது இந்தியாவில். 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில், மழைக்காலத்தில் வெளியே போக முடியாத ஆங்கிலேய அதிகாரிகள் நடுவே, நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள்) பழைய ஆட்டமொன்றில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 'ஸ்னூக்கர்' என்பது ராணுவக் கல்லூரியில் முதல் வருட மாணவனைக் கேலியாகக் கூப்பிடும் சொல். பிறகு சேம்பர்லின் ஆப்கன் போரில் காயம்பட்டு, மதராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் பணிக்கு வந்தார். கோடைக்கு ஊட்டி. அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1882இல் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன.

நம் பார்லரில் விதிகள் எழுதி மாட்டப்படவில்லை. 'மேசையில் உட்காராதீர்' என்று மட்டும் இருந்தது. ஆனால் ஒரு விதி ஊட்டிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பொது. அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். இந்த விதியால் எப்போதும் ஒரு சிக்கல் வரும். வெள்ளைப் பந்து தூரத்தில், கை எட்டாத மூலையில் போய் நின்றுவிடும். அப்போது இரண்டு வழிகள். நுனியில் சிலுவை மாதிரி இருக்கும் 'ரெஸ்ட்' குச்சியை வைத்து அதன்மேல் க்யூவைச் சாய்த்து அடிப்பது ஒன்று. அந்தப் பக்கம் போய் மற்ற கையால் அடிப்பது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் ரெஸ்ட்டை எடுப்பார்கள். அண்ணனும் அதைத்தான் எடுப்பார். "பீச்சாங்கையால அடிச்சா பந்துக்கே கோவம் வரும்" என்பார்.

பந்துக்கு வருகிறதோ இல்லையோ, எதிராளிக்கு வரும். 1996இல் ஷெஃபீல்டில் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப். வலது கை ஆட்டக்காரரான ரானி ஓ'சல்லிவன், கனடாவின் அலென் ரோபிடூவுக்கு எதிரான ஆட்டத்தில் இடது கையால் அடித்தார். தன்னை அவமதிப்பதற்காகவே அப்படிச் செய்கிறார் என்று ரோபிடூ குற்றம்சாட்டினார். விஷயம் விசாரணைவரை போனது. இடது கையாலும் தனக்கு நிஜமாகவே ஆட வரும் என்று ஓ'சல்லிவன் நிரூபிக்க வேண்டியிருந்தது. ரெக்ஸ் வில்லியம்ஸ் என்ற மூத்த ஆட்டக்காரரோடு இடது கையால் மூன்று ஃபிரேம்கள் ஆடினார். மூன்றிலும் ஜெயித்தார். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

இந்தக் கதையை நான் 2011இலேயே அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு கையும் வேலை செய்யுதுன்னு கோர்ட்ல நிரூபிக்கணுமா?" என்று சிரித்தார். அடுத்த வருடம் அவருக்கும் ஒரு விசாரணை வந்தது. ஒரு கை எவ்வளவு வேலை செய்யவில்லை என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது.

*

பவர் பிரஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியாக வேண்டும். கீழே அச்சு, அதற்கு டை என்று பெயர். மேலே அதில் வந்து இறங்கும் பஞ்ச். பக்கத்தில் ஒரு கனமான ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிடித்ததும் அந்தச் சுழற்சியின் மொத்த வேகமும் பஞ்சுக்குப் போகும். பழைய வகை கிளட்ச்களில் ஒருமுறை பிடித்துவிட்டால் பஞ்ச் கீழே போய் மேலே வந்தால்தான் விடும். பாதியில் நிறுத்த முடியாது.

இதற்கு ஒரு எளிய பாதுகாப்பு உண்டு. இரண்டு பட்டன்கள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கைகளும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்க முடியாது. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கைகளைப் பற்றி நன்றாக யோசித்த ஆள். வலது கை, இடது கை என்ற பேதமே அந்த இயந்திரத்தில் கிடையாது.

எங்கள் லைனில் அந்தப் பட்டன்களுக்குப் பதிலாகக் கால் பெடல் வந்தது. பெடல் இருந்தால் ஆபரேட்டர் ஒரு கையால் வெட்டிய தகட்டை எடுக்கும்போதே இன்னொரு கையால் அடுத்ததை வைத்துவிடலாம். ஒரு பீஸுக்கு ஒன்றரை நொடி மிச்சம். அந்த ஒன்றரை நொடியை ஸ்டாப்வாட்சில் அளந்து, எக்செல் ஷீட்டில் ஒரு ஷிப்ட்டுக்கு எத்தனை பீஸ் கூடும் என்று கணக்குப் போட்டு, பச்சை நிறத்தில் ஒரு கிராஃபும் வரைந்தது நான். பயிற்சிக்காலத்தின் முதல் பாராட்டு அதற்குத்தான் கிடைத்தது. முடிவெடுத்தது நான் இல்லை; அந்த அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனால் முடிவெடுத்தவர்கள் கையில் இருந்த காகிதம் என்னுடையது.

நாலு மாதம் கழித்து இரவு ஷிப்ட்டில் அது நடந்தது. நான் அப்போது அங்கே இல்லை. சுட்டுவிரலில் இரண்டு கணு, நடுவிரலில் இரண்டு கணு. மறுநாள் காலை நான் போனபோது மெஷினைக் கழுவியிருந்தார்கள்.

*

மருத்துவ போர்டு அவருக்குக் கொடுத்தது 20 சதவீதம். அது எங்கிருந்து வந்த எண் என்று தேடத் தொடங்கித்தான் நான் இந்த வரலாற்றுக்குள் வந்தேன்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. அதன் முதல் அட்டவணையில் உடல் உறுப்புகள் வரிசையாக இருக்கும், எதிரே எண். அந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போகும் என்ற கணக்கு. முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70. இடது கை போனால் 60. முழங்கைக்குக் கீழே வலது கை 60, இடது கை 50. வலதுக்கும் இடதுக்கும் நடுவே பத்துப் புள்ளி வித்தியாசம். இடது கைப் பழக்கமுள்ள ஒரு தச்சர் இடது கையை இழந்திருந்தாலும் அந்த அட்டவணையின்படி அவர் இழந்தது விலை குறைந்த கையைத்தான்.

கைகளுக்கு மேல், கீழ் வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கமில்லை. சோழர் காலத்திலிருந்து நம் சமூகமே வலங்கை, இடங்கை என்று பிரிந்து கிடந்தது. 1652இலும் 1707இலும் சென்னைப் பட்டணத்தில் யார் எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகலாம் என்று இரண்டு பிரிவுகளும் மோதிக்கொண்டன. இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், சிற்பி ஆகிய கம்மாளர்கள் இடங்கையில் வைக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு கைகளாலும் வேலை செய்தவர்களுக்கு இடது கையின் பெயர்.

சட்டத்தில் அந்தப் பத்துப் புள்ளி நாற்பது வருடம் இருந்தது. 1962 திருத்தத்தில் அட்டவணையே புதிதாக எழுதப்பட்டது. கை இழப்புகளின் தலைப்பில் 'எந்தக் கையானாலும்' என்ற பொருளில் ஒரு அடைப்புக்குறி வந்தது. சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு என்றால் 11, ஒரு கணு 9. நடுவிரல் முழுதாக 12, இரண்டு கணு 9. மோதிர விரலோ சுண்டு விரலோ முழுதாகப் போனால் 7. கட்டைவிரல் 30. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே கணக்குதான். அண்ணனுக்கு 11ம் 9ம், ஆக 20.

ஈ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை, கூலியில் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து அந்தச் சதவீதப்படி வரும். நாள் கூலி 250 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 225. அதில் 20 சதவீதம் 45. ஒரு நாளைக்கு 45 ரூபாய், ஆயுள் முழுக்க. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பணம் அவருக்கு வந்தது, மருந்துச் செலவும் பார்த்தார்கள். இரண்டு கைகளும் சமம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்தான். ஆனால் அட்டவணையால் போனதை மட்டுமே எண்ண முடியும். மிச்சமிருக்கும் கை என்ன செய்யப்போகிறது என்பதற்கு அதில் வரி கிடையாது.

*

அதற்கு வேறு இடங்களில் தேட வேண்டியிருந்தது. ஹங்கேரி ராணுவத்தில் கரோலி டாகாச் என்று ஒரு துப்பாக்கி சுடும் வீரர். 1938இல் பயிற்சியின்போது பழுதான கையெறிகுண்டு ஒன்று அவருடைய வலது கையிலேயே வெடித்தது. சுடுகிற கையே அதுதான். யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1939இல் தேசியப் போட்டியில் ஜெயித்தார். போர் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவில்லை. 1948இல் லண்டனில் தங்கம். 1952இல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்.

இன்னொருவர் காந்தி. 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கில்டோனன் காசில் கப்பலில் போகும்போது பத்தே நாளில் ஹிந்த் ஸ்வராஜை எழுதினார். வலது கை வலித்தபோது நிறுத்தவில்லை, இடது கைக்கு மாறினார். 275 பக்கக் கையெழுத்துப் பிரதியில் சுமார் 40 பக்கங்கள் இடது கை எழுத்து. இயந்திரங்கள் மனிதனை என்ன செய்யும் என்று கேட்ட புத்தகம் அது. பிரஸ் ஷாப்பில் எட்டு மாதம் இருந்துவிட்டு அந்தப் பக்கங்களை நினைத்துப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

மூன்றாவது ஒரு ஆய்வுக்கூடத்துக் கதை. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்ற உளவியலாளரின் குழு ஒரு சோதனை செய்தது. ஒரு சின்னத் துளைக்குள் ஊசியை ஓரத்தில் படாமல் நுழைக்க வேண்டும். தினமும் வலது கைக்கு மட்டும் பயிற்சி. கடைசியில் இடது கையைச் சோதித்தால், பயிற்சியே இல்லாத அந்தக் கையும் முன்னைவிட நன்றாகச் செய்தது. ஒரு கைக்குக் கற்றுக்கொடுத்தால் இன்னொன்றும் கொஞ்சம் ஒட்டுக்கேட்டுக்கொள்கிறது. கற்றுக்கொள்வதில் ஒரு பகுதி கையில் இல்லை, தலையில் இருக்கிறது என்பதை அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளும் உறுதி செய்தன.

அண்ணன் யேலைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் காயம் ஆறிய பிறகு அவர் செய்த முதல் பயிற்சி கிட்டத்தட்ட அதேதான். ஒரு காலி கண்ணாடி பாட்டிலை மேசையில் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் க்யூவின் நுனி ஓரத்தில் படாமல் போய் வர வேண்டும். இடது கையால். உலகம் முழுக்க க்யூ ஆட்டக்காரர்கள் செய்கிற பழைய பயிற்சி அது. முதல் வாரம் முழுக்க 'டிங் டிங்' என்று சத்தம். பக்கத்து மேசைப் பையன்கள் "அண்ணே, கோயில் மணியா?" என்று கேட்டார்கள். "இடது கைகிட்ட கைமாத்து கேட்டிருக்கேன். அது இன்னும் யோசிக்குது" என்றார்.

*

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பூலில் கை மாறுவது என்றால் ஒரு கை ஓய்வுபெற்று இன்னொன்று வேலைக்கு வருவதில்லை. ஏற்கெனவே இரண்டும் வேலையில்தான் இருக்கின்றன. வலது கை ஆட்டக்காரரின் இடது கை மேசைமேல் பாலம் போட்டு க்யூவைத் தாங்குகிறது. அசையாமல் இருப்பதுதான் அதன் வேலை. அதனாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை. இப்போது அசையாமல் இருந்து பழகிய கை அடிக்க வேண்டும். அடித்துப் பழகிய கை அசையாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் கஷ்டம் என்றார். அவருடைய வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலின் மிச்சமும் சேர்ந்து ஒரு பள்ளம் கிடைத்தது. க்யூ அதில் உட்கார்ந்தது. ஆனால் பந்தை நெருங்கியதும் அந்தக் கை பழைய ஞாபகத்தில் லேசாக முன்னால் போகும். பாலம் நகர்ந்தால் பந்து போச்சு. "இவன் சும்மா இருக்க மாட்டேங்குறான் தம்பி. ரிட்டயர்டு ஆனவன் ஆபீஸுக்கு வந்து நிக்கிற மாதிரி."

கால் மாறியது. முன்னால் நின்ற இடது கால் பின்னால் போனது. கண் மட்டும் மாறவில்லை. குறிபார்க்க எல்லோருக்கும் ஒரு கண் முந்தும். அவருக்கு வலது கண். க்யூ இடப்பக்கம் போனதும் குறி தப்பியது. தாடையை இடப்பக்கம் நகர்த்தி, வலது கண்ணுக்கு நேர் கீழே க்யூ வருமாறு நிற்கக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. மாறாமல் அப்படியே வந்தது ஆட்டத்தைப் படிக்கும் புத்தி. எந்தப் பந்தைப் போட்டால் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பதில் ஒரு துளியும் குறையவில்லை. மூன்று மாதம் என்னிடமே தோற்றார். ஆனால் தோற்கும்போதும் அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் சரி. கைதான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் சொல்லிவிட்டேன். பார்லரில் வேறு யாரும் இல்லை. பெடல் கணக்கு ஷீட்டைப் போட்டது நான்தான் என்று. எப்படிச் சொல்வது என்று பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். சொல்லும்போது ஒரே வரியில் முடிந்துவிட்டது.

அவர் க்யூ நுனியில் சாக் தடவிக்கொண்டே, "தெரியும் தம்பி. மெஷின்லதான ஒட்டியிருந்தாங்க. கீழ உன் கையெழுத்து இருந்துச்சே" என்றார்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோதும் தெரியும். பாட்டில் பயிற்சிக்கு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னபோதும் தெரியும். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. "பட்டன் இருந்தப்ப டார்கெட் வரலன்னு சூப்பர்வைசர் கத்துவான். பெடல் வந்தப்ப நாங்களும் சந்தோஷப்பட்டோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ அடுத்து போற எடத்துலயும் நொடிதான் எண்ணுவ. எண்ணும்போது கை எங்க இருக்குன்னும் பாரு" என்றார். பிறகு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

நான் இப்போதும் நொடிகளைத்தான் எண்ணுகிறேன். மில்லி நொடிகள். ஒரு திரை எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, ஒரு டெலிவரி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும். எங்கள் கிராஃப்களும் பச்சை நிறத்தில்தான் இருக்கின்றன. மீட்டிங்கில் யாராவது சில நொடிகள் மிச்சம் என்றால், அந்த நொடிகளில் முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கிறேன். சில சமயம் பதில் இருக்கிறது. பல சமயம் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள்.

அண்ணன் பிறகு ஊர்ப்பக்கம் போய் ஹார்டுவேர் கடை வைத்தார். போன வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கையெழுத்து இடது கைக்கு மாறிவிட்டது. பேங்கில் புதுக் கையெழுத்தை ஏற்கவைக்க ஆறு தடவை அலைந்த கதையைச் சொன்னார். கல்லாவில் பணம் எண்ணுவது, ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது, பைக் சாவி எல்லாம் இடது கை.

மத்தியானம் இலை போட்டார்கள். அவர் வலது கையால் சாப்பிட்டார். கட்டைவிரல், மோதிர விரல், சுண்டு விரல், மூன்றையும் குவித்து, ரசம் சாதத்தைச் சிந்தாமல் எடுத்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இதுக்கும் ஒரு வருஷம் ஆச்சு தம்பி" என்றார். "சோத்தாங்கைய மட்டும் அம்மா மாத்த விடல."